ஒய்பியின் காரும் என் முந்தானையும்

மேடை கிடைத்தால் நம்மவர்களுக்குக் கேள்வி மறந்துவிடும்; மாலை மட்டும் மறக்காது. ஊரைக் குறை சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்ததே நான்தான்.

கிள்ளானில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால், குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வரப்போவதாகப் பேச்சு. மின்சாரம் வேண்டாமென்று சொல்ல நான் யார்? (வீட்டில் அறைக்கு அறை ஏர்கோன்.) ஆனால் என் மகனுக்கு மூச்சிரைப்பு. பக்கத்து வீட்டில் சாம்பிராணி போட்டாலே இன்ஹேலரைத் தேடுவான். அனுமதி கொடுக்கும் முன் எங்களைக் கேட்பார்களா? இதைச் சட்டமன்ற உறுப்பினரிடம், அதாவது எங்கள் ஒய்பியிடம், நேருக்கு நேர் கேட்டே தீருவதென்று குடியிருப்போர் சங்கச் செயலாளரான நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஒய்பி ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார். சங்கத் தலைவர் மாலை போட்டார். துணைத்தலைவர் விடுவாரா? பொருளாளர், அவருடைய தம்பி, கோயில் கமிட்டி என்று வரிசை நீண்டது. படம் சரியாக விழவில்லை என்று தலைவர் மறுபடியும் வந்து போட்டார். பிறகு பொன்னாடை, கடவுள் வாழ்த்து, பிள்ளைகளின் பரதம், வரவேற்புரை. அந்த உரையை ஆற்றிய புண்ணியவதி நானே. கைதட்டக் கைதட்ட நீட்டிக்கொண்டே போனேன். ஒருவழியாக "இனி கேள்வி நேரம்" என்று அறிவித்தபோது ஒய்பியின் உதவியாளர் எழுந்துவிட்டார்.

"சாரி லா அக்கா, அடுத்த பங்ஷனுக்கு லேட்டாச்சு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி என் மேல்தான். காரை நோக்கி ஓடினேன். நான் வாய் திறப்பதற்குள் உதவியாளர் கதவைச் சாத்த, என் முந்தானை உள்ளே மாட்டிக்கொண்டது.

"அக்கா, நகருங்க!"

"எப்படி நகர்றது? சேலை மாட்டிக்கிச்சு!"

ஒய்பி கண்ணாடியை இறக்கினார். "ஐயோ, இருங்கம்மா, கதவத் தொறக்கிறேன்."

"தொறக்காதீங்க ஒய்பி! மொதல்ல பதில் சொல்லுங்க. ஆலைக்கு அனுமதி குடுக்கிறதுக்கு முன்னாடி எங்கள உக்கார வெச்சுக் கேப்பீங்களா, மாட்டீங்களா? எம்பையனுக்கு மூச்சு இழுக்குது!"

மண்டபமே வெளியே வந்து நின்றது. என் கணவர் சேகர், என் கைப்பையைப் பிடித்தபடி, யாரோ எவரோ என்பதுபோல் வானத்தைப் பார்த்தார்.

"வரேம்மா. அடுத்த சனிக்கிழமை. ஆலைக்காரங்களையும் கூட்டிட்டு வரேன்."

"எல்லாரும் கேட்டீங்கல்ல?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினேன். "கேட்டோம்!" என்றார்கள். அதன் பிறகே கதவைத் திறக்க அனுமதித்தேன்.

சொன்னபடி வந்தார். மாலை கிடையாது, உரை கிடையாது. கடைசி ஆள் கேட்டு முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார். பல கேள்விகளுக்குத் தனக்கே பதில் தெரியாதென்று ஒப்புக்கொண்டார். அதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது. புகை பற்றிய ஆய்வை எங்கள் முன் வைத்த பிறகுதான் முடிவு என்றார். ஆய்வு இன்னும் வரவில்லை. நானும் விடுவதாக இல்லை. மாதா மாதம் அவர் அலுவலகத்துக்குப் போய் நிற்கிறேன்.

சாதாரணமாகச் சுடிதாரில் போவேன். என்றாவது புடவையை எடுத்தால் போதும், சேகர் உடனே மகனைக் கூப்பிடுவார்.

"டேய், அம்மா சேலை கட்டுறா. ஒய்பி ஆபீசுக்குப் போன் போட்டு, இன்னிக்கு யாரும் கார்ல ஏற வேணாம்னு சொல்லு."