வேலிக்கு அப்பால் எண்ணியவர்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்த எந்தக் கப்பலிலும் இருந்ததைவிடக் கூடுதலான இரும்பு கிறேன் அண்ணனின் முற்றத்தில் கிடந்தது. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. கொஞ்சம்தான் மிகைப்படுத்துகிறேன்.

அறுந்த நங்கூரச் சங்கிலி, துருப்பிடித்த கப்பி, தம்பலகாமத்தில் செத்துப்போன ஓர் உழவு மெசினின் பல்சக்கரங்கள் இரண்டு. அந்தச் சக்கரங்களை ஒரு தண்ணீர்க் குழாயின் இரு முனைகளிலும் மாட்டி, வேலைக்குப் போகுமுன் நாற்பது தரம் தலைக்கு மேல் தூக்கி இறக்குவார். ஆள் ஐந்தடிக்கு மேல் ஓர் அங்குலம்கூட இல்லை. துறைமுகத்தில் பாரம் தூக்கும் கிறேனுக்குக் கிறீஸ் பூசுவது அவர் தொழில். பெயர் அதனால் வந்ததா, தூக்குவதால் வந்ததா என்பதில் எங்கள் ஒழுங்கை வீடுகளில் இரண்டு கட்சி இருந்தது.

அவர் யாரையும் "சுகமா?" என்று கேட்டதில்லை. நேரே வந்து மேற்கையை அமுக்கிப் பார்ப்பார். தபால் கந்தோரில் முத்திரை வாங்கப் போன இடத்தில், கம்பிக் கூட்டுக்குள் கைவிட்டுத் தபாலதிபரின் கையையே அமுக்கிவிட்டு, "என்ன ஐயா, போன மாசம் இருந்தது எங்க போச்சுது?" என்று கேட்டவர்.

ஆளேற்றி அக்கரை சேர்க்கும் படகுப்பாதையில் கிண்ணியாவுக்குப் போனால் உட்காரவே மாட்டார். அக்கரை வரும்வரை தோப்புக்கரணம்போலக் குந்தி எழும்புவார். ஒருநாள் மூலையில் இருந்த கிழவி ஒருத்தி படகுப்பாதைக்காரனிடம் கெஞ்சினாளாம்: "என்ன பிழை செஞ்சாலும் போதும் வாப்பா. பாவம், அந்தப் புள்ளைய விட்டிருங்க."

தேகப்பயிற்சி உடம்புக்கு நல்லது என்று ஊரில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். மனதுக்கும் அதுதான் மருந்து என்று அவர் சொன்னதைத்தான் யாரும் நம்பவில்லை. காதல் தோல்வியில் சாப்பாட்டை விட்ட கந்தோர்ப் பொடியன் ஒருவனை மூன்று மாதம் சங்கிலி தூக்க வைத்தார்.

"அவளை மறந்திற்றானா அண்ணே?" என்று கேட்டேன்.

"மறக்கேல்லத் தம்பி. ஆனா நல்லா நித்திரை கொள்றான்."

எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரு கிடுகு வேலி. வாப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். அவர் காய்ச்சலில் மௌத்தானபோது எனக்கு இருபது வயது. வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்புத் தாண்டியவன் நான்தான். உம்மா இத்தாவில் இருந்தார். கணவனை இழந்தவர் நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்கும் காலம் அது. வீட்டோடு இருப்பது வேறு, பாயோடு கிடப்பது வேறு. உம்மா பாயை விட்டு எழும்பவில்லை. இரண்டாம் மாதம் எழும்பப் பார்த்தபோது கால் தாங்கவில்லை. சுவரையும் என்னையும் பிடிக்க வேண்டியிருந்தது.

"நோய் வருத்தம் ஒண்டுமில்ல. கிடந்து கிடந்து கால் சத்துக் கெட்டுப்போச்சு. எழும்பி நடக்கட்டும்" என்றார் நான் கூட்டிவந்து காட்டிய அப்போதிக்கரி வைத்தியர்.

உம்மா என்னைப் பார்த்தார். "எழும்பி எங்க மகன் போற?"

அந்தக் கிழமைதான் எனக்கு ஆசிரியர் பயிற்சிக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. இத்தா முடிந்த மறுநாள் போய்ச் சேர வேண்டும். எழும்ப முடியாத உம்மாவை விட்டுவிட்டு எப்படிப் போவது? போக ஏலாது என்று பதில் எழுதி மடித்து வைத்தேன். தபாலில் போடுமுன் வேலியடியில் நின்று கிறேன் அண்ணனிடம் அதைச் சொன்னதுதான் நான் செய்த தவறு.

"மனசு எழும்பட்டும் எண்டு காலும், கால் எழும்பட்டும் எண்டு மனசும் பாத்துக்கொண்டிருந்தா ரெண்டும் கிடக்கும் தம்பி. காலைத்தான் முதல்ல எழுப்ப வேணும். கடிதத்தைக் கிழி" என்றார். கிழித்தேன்.

மறுநாள் மண் நிரப்பிய இரண்டு தகரப் பால்பேணிகள் வேலிப் பொட்டின் இடைவெளி வழியாக வந்தன. உம்மா பேணியைக் கையில் பிடித்துக்கொண்டு கதிரையிலிருந்து எழும்ப வேண்டும். எழும்பியதும் பேணியால் சுவரில் ஒரு தட்டு. வெளியே அவர் எண்ணுவார். வேலிக்குக்கூட முகம் காட்டாமல், முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பார்.

எதற்கும் மார்க்கத்தைக் கேட்டுவிடுவோம் என்று பள்ளிவாசல் லெப்பையிடம் போனேன். "அந்நிய ஆம்புள வேலிக்கு வெளிய நிண்டு எண்ணினா இத்தா முறியுமா?"

லெப்பை சொன்னார்: "முறியாது. ஆனா அசர் தொழுகைக்கு முந்தி எண்ணி முடிக்கச் சொல்லு. அந்தாளுடைய சத்தத்தில பாங்கு கேக்காது."

"அக்கா! எழும்புங்க! ஒண்டூ!" என்று முதல்நாள் குரல் வந்தது. பக்கத்து வீட்டுக் கோழிகள் கூரையில் ஏறின. உம்மா பாயில் படுத்தபடியே கையை நீட்டிப் பேணியால் சுவரில் தட்டினார். பத்து வரை அப்படியே.

"கெட்டிக்காரி!" என்றார் வெளியே நின்றவர்.

நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். உம்மா விரலை உதட்டில் வைத்தார். வாப்பா போனபின் அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

அந்த வாரம் முழுக்கப் பத்துத் தட்டும் ஒழுங்காக விழுந்ததால், அடுத்த கிழமை பேணி பெரிதானது. அதற்கடுத்த கிழமை மாப்பேணி. பிறகு பிஸ்கற் தகரம். படுத்தபடி ஒரு கையால் அதை அசைக்க முடியவில்லை. உம்மா எழுந்து உட்கார்ந்து தட்டினார். இன்னொரு தகரம் வந்தபோது உட்கார்ந்தும் சரிவரவில்லை. முணுமுணுத்தபடி கதிரையில் ஏறி அமர்ந்து, முட்டியைப் பிடித்து, எழும்பித் தட்டினார். அன்று இரவு இரண்டாம் தரம் சோறு கேட்டார்.

பக்கத்து வீட்டு ராத்தா அடுப்படிக் குசினி வாசலில் வந்து நின்றாள். "இத்தாவில இருக்கிற பொம்புளைக்கு இது என்ன கூத்து? இது மௌத்தான வீடா, தகரக்கடையா?"

"தகரக்கடைதான் புள்ள" என்றார் உம்மா. "சாமான் என்ன வேணும், சொல்லு."

இத்தா முடியச் சில நாள் இருக்கையில் என் மனச்சாட்சி என்னைக் கிறேன் அண்ணனிடம் தள்ளிக்கொண்டு போனது. "அண்ணே, ஒரு பொய் நடந்துபோச்சு. முதல் கிழமைகள்ல உம்மா படுத்துக்கொண்டுதான் தட்டினவ."

கிறீஸ் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தெரியும் தம்பி. சத்தம் நிலத்தில இருந்துதானே வந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாச் சுவரில ஏறிச்சுது."

இத்தா முடிந்த மறுநாள் காலையில் உம்மா முக்காட்டை இழுத்துவிட்டு, யாரையும் பிடிக்காமல் வேலிப் படலை வரை வந்தார். வெளியே கிறேன் அண்ணன் நின்றார். உம்மா மேலும் கீழும் பார்த்தார்.

"இவ்வளவு சத்தமும் இந்த உடம்புக்குள்ள இருந்தா வந்தது?"

கிறேன் அண்ணன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "ஓம் அக்கா" என்றார்.

ஆசிரியர் பயிற்சிக்குக் கொண்டுபோகும் என் றங்குப்பெட்டியை உம்மா தூக்கினார். புத்தகங்களும் உடுப்புமாக நல்ல பாரம். நான் பதறிப்போய்க் கையை நீட்டினேன். கிறேன் அண்ணன் என் கையைத் தட்டிவிட்டார்.

"அவ தூக்கட்டும்."

பஸ் நிலையம் வரை அப்படியே போனோம். உம்மா இரண்டு இடத்தில் பெட்டியை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார். இரண்டு தரமும் கிறேன் அண்ணன் நாலடி தள்ளி நின்று, கடலைப் பார்ப்பதுபோல் காத்திருந்தார். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் இருந்திருந்தால் அந்தப் பெட்டியைப் பறித்துச் சுமந்திருப்பான். சுமக்காமல் கூடவே நடக்க அவருக்குத்தான் தெரிந்திருந்தது.