குரலுக்கு முதலிடம்

கோபத்தில் இருப்பவர் கையில் ரவுட்டரைக் கொடுக்கக் கூடாது. இதை நான் சும்மா சொல்லவில்லை. ஒரு வேலையைப் பறிகொடுத்துவிட்டுச் சொல்கிறேன்.

சென்னையில் ஒரு நெட்வொர்க் கம்பெனி. நேர்காணல் வீடியோ அழைப்பில், காலை பதினொரு மணிக்கு. அதே பதினொரு மணிக்குத்தான் எங்கள் அண்ணி தினமும் முன்னறையில் செல்போனை நிறுத்திவைத்து ஆரணிப் பட்டுப் புடவைகளை லைவில் விற்பார். அன்று ஒருநாள் மட்டும் தள்ளிவைக்கும்படி ஒரு வாரமாகக் கெஞ்சினேன்.

"ஆடித் தள்ளுபடின்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சுட்டேன் ரேவதி. நெட்டு படிச்சவதானே நீ, எதனா பண்ணிக்கோ."

உடம்பெல்லாம் எரிந்தது. பண்ணிக்கொண்டேன். ரவுட்டரில் நெரிசல் வந்தால் எது முன்னால் போக வேண்டும், எது காத்துக் கிடக்க வேண்டும் என்று நாமே வரிசை வைக்கலாம். அழைப்பில் வரும் குரலுக்கு முதலிடம். எந்த வீடியோவாக இருந்தாலும் கடைசி இடம். அண்ணியின் புடவைகள் ஆடாமல் அசையாமல் நிற்கட்டும்! (என் முகமும் வீடியோதான் என்பது அந்தப் பழிவாங்கும் மூளைக்கு எட்டவில்லை.)

"ரவுட்டர்ல நெரிசல் வந்தா எப்படிச் சமாளிப்பீங்க?" நேர்காணல் எடுத்தவர் கேட்ட முதல் கேள்வியே இதுதான். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். திரையில் அவர் முகம், மூக்கில் விரலோடு அப்படியே நின்றது. லைன் அறுந்துவிட்டது என்று முடிவுகட்டினேன்.

முன்னறையிலிருந்து அண்ணி கத்தினார். "இன்னா பண்ண ரேவதி? மாம்பழக் கலரைக் காட்டிகினு இருந்தேன், படம் நின்னுபோச்சு!"

"நிக்கட்டும்! உங்க மாம்பழக் கலரைக் கொண்டுபோய்க் கொளுத்துங்க! ஒரு வாரமா சொல்லிகினே இருக்கேன், காதுல ஏறிச்சா? பேஜார் புடிச்ச வீடு! இங்க இந்த ஆளு வேற மூக்கை நோண்டிகினு செலையாட்டம் நிக்கறான். என் வேலையே போச்சு!"

லேப்டாப்பிலிருந்து ஒரு குரல் வந்தது, துளி இரைச்சல் இல்லாமல்.

"மேடம், நான் லைன்லதான் இருக்கேன். படம்தான் நின்னுடுச்சு. குரல் ரொம்பத் தெளிவா கேக்குது."

என் வாழ்நாளில் நான் பிசகில்லாமல் செய்த முதல் ரவுட்டர் வேலை அது. அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை.

இன்று செய்யாறில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களோடு மல்லுக்கட்டுகிறேன். அண்ணிமேல் உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. எப்படி ஆறும்? என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டே முழுக் கதையையும் சொன்னவர் அவர். "எங்க ரேவதிக்கு மூஞ்சி நின்னாலும் வாய் நிக்காதுங்க" என்று முடித்தார்.

மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். கல்யாணமும் ஆகிவிட்டது. இப்போது வீட்டில் நான் கத்த ஆரம்பித்தால் போதும், அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்கிறார்:

"குரல் ரொம்பத் தெளிவா கேக்குது மேடம்."