இரும்புக்கு ஆசைப்பட்ட கிருமி

மதிப்பிற்குரிய மைத்துனருக்கு,

அன்பையும் கோபத்தையும் சரிபாதி கலந்து அத்தான் எழுதிக்கொள்வது. அங்கே அனைவரும் நலம் என நினைக்கிறேன். இங்கே நான் நலமாக இல்லை; காரணம் நீங்கள்.

சிறுநீர்க் கடுப்புக்கு உங்கள் வீட்டில் மிச்சமிருந்த மாத்திரையைக் கொடுத்தீர்களே, அதைப் போட்டேன், கடுப்பு நின்றது, நானும் நிறுத்தினேன், கடுப்பு திரும்பியது, மறுபடி போட்டேன், மறுபடி நிறுத்தினேன். கடைசியில் ஒரு நாள் கட்டிலே ஆடுகிற மாதிரி குளிர் எடுத்துவிட்டது. வெளியே டிபன் சாப்பிடப் போகலாம் என்று சொல்லி உங்கள் அக்கா என்னை ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்துவிட்டாள். இங்கே எந்த ஊசிக்கும் காய்ச்சல் அசையவில்லை. கிருமி ஆராய்ச்சி செய்யும் நம் பெண் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "அப்பா, இந்தக் கிருமிக்கு வெளியே ஒரு சவ்வு இருக்கு. அதுல இருக்கிற பொடிப் பொடித் துளை வழியாத்தான் மருந்து உள்ள போகணும். உங்க கிருமி துளையைக் குறைச்சிடுச்சு. தப்பித் தவறி நுழையறதையும் பம்பு வச்சு வெளிய தள்ளுது" என்றாள்.

"நம்ம வீட்டு மோட்டாரே ஒரு மாசமா ஓடல, இதுக்குப் பம்பு ஓடுதா!" என்றேன்.

"உங்க உடம்புல வளர்ந்ததாச்சே, சொன்ன பேச்சு கேக்குமா?" என்றாள் உங்கள் அக்கா.

நான் சிரித்தேன். பெண் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் ஐயா நானும் சிரிப்பை நிறுத்தினேன்.

அப்புறம் டாக்டரும் அவளும் பேசி வேறொரு ஊசி போட்டார்கள். "கிருமிக்கு இரும்புன்னா உயிர், அப்பா. எங்க இருந்தாலும் இழுத்துக்கும். இந்த மருந்து இரும்பைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கும். கிருமியே கதவைத் திறந்து அதை உள்ள கூட்டிட்டுப் போயிடும்" என்றாள். டிபன் என்று சொல்லி என்னை அழைத்து வந்த அதே வித்தை! கிருமிமீது எனக்குக் கொஞ்சம் பரிதாபம்கூட வந்தது. ஆனால் நேற்றுக் காய்ச்சல் இறங்கியது. பெண் கட்டிலோரம் தலை சாய்த்துத் தூங்கியே போனாள்.

ஆகவே, இனி யாருக்கும் மிச்ச மாத்திரை கொடுக்காதீர்கள். எந்த மருந்தையும் பாதியில் நிறுத்தாதீர்கள். உங்கள் வீட்டில் எல்லோரும் நோய் நொடி இல்லாமல், வந்தாலும் கடைசி வேளை மருந்துவரை பொறுமையோடு இருக்க வாழ்த்தும்,

திருந்திய அத்தான்.

பி.கு.: ஊசி இன்னும் சில நாள் பாக்கி என்கிறார்கள். எனக்குத்தான் காய்ச்சல் போய்விட்டதே, எதற்கு? நாளை மதியம் உங்கள் அக்கா சாப்பிடப் போகும் நேரத்தில் காரோடு பின்வாசலுக்கு வந்துவிடுங்கள். கையோடு ஒரு கால்சட்டையும் கொண்டு வாருங்கள். இவர்கள் மாட்டிவிட்ட அங்கிக்குப் பின்பக்கமே கிடையாது.