மாமன் நாற்காலி விஷயமாக மச்சானுக்கு

தைனான்,
மழை விட்ட செவ்வாய்க்கிழமை.

ஃபாங்லியாவ் மீன்குளத்துப் பெருமதிப்பிற்குரிய மச்சான் லியாவ் தியென்-ஃபூ அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை ஷியூ-ச்சின்னின் கணவன் கோ சுங்-மிங் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே தாங்களும், அக்காவும், குளத்துக் களவா மீன்களும் அவ்விதமே சுகமாயிருக்க மாட்ஸு அம்மனை வேண்டுகிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று தாங்கள் சிரிக்கலாம். போன் செய்தால் மணி அடிக்கிறது, எடுப்பாரில்லை. ஆணும் ஆணும் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று நாடு முழுக்க வாக்கெடுப்பு நடந்த வருஷம் தாங்கள் நம் குடும்பக் குழுவிலிருந்து வெளியேறியபோது, மச்சான் கை தவறி அழுத்திவிட்டார் என்று எல்லோரிடமும் சொல்லி மறுபடி சேர்த்தேன். மறுபடி வெளியேறினீர்கள். மறுபடி சேர்த்தேன். கடைசியில் என் மகன் போ-யென்தான், விடுங்கப்பா, மாமாவுக்கு விரல் வலிக்கும் என்றான். ஆகவே தபால். சங்கதி என்னவென்றால், அந்தப் போ-யென்னுக்கு அடுத்த மாதம் கல்யாண விருந்து. மாப்பிள்ளை யூ-தாங், சியாயீக்காரன், பல் வைத்தியன். அன்றைக்குத் தாங்கள் எந்தப் பையனைப் பார்த்துக் கோபித்துக்கொண்டு பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனீர்களோ அதே பையன்தான், மாற்றமில்லை, கொஞ்சம் சதை போட்டிருக்கிறான்.

முன்னோரிடம் உத்தரவு கேட்க வேண்டுமல்லவா, பூஜை மேடை முன்னால் நின்று குறி கேட்கும் பிறைக் கட்டைகள் இரண்டையும் போட்டேன். இரண்டும் மல்லாந்து விழுந்தன. அதாவது சிரிக்கிறார்கள். மறுபடி போட்டேன், மறுபடியும் சிரிப்பு. எங்கப்பா பட்டாளத்து மனுஷன், உயிரோட இருந்தப்ப ஒரு தடவைகூடப் பல்லைக் காட்டி நான் பார்த்ததில்லை, செத்தப்புறம் இப்படிச் சிரிக்கிறார். ஷியூ-ச்சின் வந்து கட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். "அவனுங்க பதிவாபீஸ்ல கையெழுத்தே போட்டாச்சு, இப்பப் போய்க் கல்யாணம் பண்ணலாமான்னு கேட்டா சிரிக்காம என்ன பண்ணுவாங்க? விருந்துக்கு வர்றீங்களான்னு கேளுங்க" என்று சொல்லி அவளே கேட்டாள். ஒன்று கவிழ்ந்தது, ஒன்று மல்லாந்தது, உடனே சம்மதம். செத்தவங்களே வர்றேன்னுட்டாங்க மச்சான்.

அப்புறம் எங்கள் வட்டத் தலைவர் ட்சாய். வாக்கெடுப்பு சமயத்தில் ஒலிபெருக்கி வண்டியில் ஏறி, குடும்பத்தைக் காப்பாத்துங்க என்று சந்தையே அதிரக் கத்தினாரே, பக்கத்தில் தாங்களும் உட்கார்ந்து துண்டுத்தாள் கொடுத்தீர்களே, அவரேதான். போன வாரம் பழக்கூடையோடு வந்து நின்றார். "கோ அண்ணே, விருந்துல எனக்கு மைக்கு தருவீங்களா, ரெண்டு வார்த்தை பேசுறேன்" என்றார். "அன்னைக்குப் பேசினதையா?" என்று கேட்டேன். "அட, அது அன்னைக்கு. இப்ப ரெண்டு பக்கமும் மாப்பிள்ளை வீடு, வர்றவங்க எல்லாருக்கும் ஓட்டு இருக்கு" என்று சிரித்தார். கிளம்பும்போது செருப்பைத் தேடிக்கொண்டே, "என் பேத்தியே என்கூடப் பேசாம இருந்தாண்ணே" என்று மெல்லச் சொன்னார். அவர் அனுப்பிய வாழ்த்துத் துணியில் பழைய அச்சில் மணமகள் என்று விழுந்துவிட்டது. அதன்மேல் சிவப்புத் தாளை ஒட்டியிருக்கிறார். காற்றடித்தால் தாள் தூக்குகிறது, மணமகள் எட்டிப் பார்க்கிறாள்.

இது போதாதென்று தண்ணீர்த் தகராறு. பெண் வண்டி ஏறியதும் பின்னால் ஒரு கிண்ணம் தண்ணீரை வீசுவோமே, போனவள் போனவள்தான், திரும்பக் கூடாது என்று. இப்போது யார் வீசுவது? "என் பையன் ஞாயித்துக்கிழமை சாப்பிட வரணும், நான் வீச மாட்டேன்" என்கிறாள் உங்கள் தங்கை. யூ-தாங்கின் அம்மாவும் அதையே சொல்கிறாள். ஒத்திகைக்கு எடுத்து வைத்த தண்ணீரில் நான் கால் கழுவிக்கொண்டேன். எங்க கல்யாணத்துல உங்கம்மா வீசின தண்ணி என் கால்சட்டையில பாதியை நனைச்சதும், வழியெல்லாம் நான் ஒட்டிக்கிட்டே உட்கார்ந்திருந்ததும், நீங்க அதைச் சொல்லிச் சொல்லி வருஷக்கணக்கா சிரிச்சதும் ஞாபகம் வந்துச்சு. அப்படிச் சிரிக்க இப்ப இங்க ஆளில்லை.

நிற்க. முக்கிய விஷயம் மாமன் நாற்காலி. எங்கள் தெருவை மறித்துப் பந்தல், இரண்டு வீட்டுக்கும் ஒரே விருந்து, பெரிய மேசையில் தலைமை நாற்காலி ஒன்றுதான். தாய்மாமன் அதில் உட்கார்ந்து முதலில் மீனைத் தொடாமல் யாரும் சாப்பாட்டுக் குச்சியைக் கையில் எடுக்க முடியாது. சமையல்காரர் ஆ-துங், "ரெண்டு மாப்பிள்ளைன்னா ரெண்டு மாமனாச்சே, யாரு உட்காரப் போறது?" என்று கேட்டார். யூ-தாங்குக்கு சுவாங் என்று ஒரு தாய்மாமன் இருக்கிறார், சியாயீயில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். "லியாவ் வரலேன்னா போகட்டும், நான் உட்கார்றேன்" என்று சொல்லிவிட்டார். புதுக்கோட்டு தைத்தாயிற்று. மீனும் அவரே கொண்டுவருகிறாராம், கொடுவா. "களவாவெல்லாம் இப்ப எவன் திங்கிறான், முள்ளும் தோலும்தான்" என்றார். நான் சொல்லவில்லை மச்சான், அவர் சொன்னது. நல்ல மனுஷன், உடம்பும் பெரிய உடம்பு, நாற்காலி நிறைந்திருக்கும்.

இதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஃபாங்லியாவ் பந்தலே கண்ணில் நிற்கிறது. அக்கரையிலிருந்து வந்த பட்டாளத்தான் மகனுக்கா பொண்ணு கொடுப்பேன், அவன் அப்பன் பேசுறது ஒரு வார்த்தை விளங்கலை என்று உங்களப்பா குதித்தார். எப்படியோ சம்மதித்தார். ஆனால் உங்கள் தாய்மாமன் வர மாட்டேன் என்று வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார். மீன் மேசைக்கு வந்துவிட்டது. நாற்காலி காலி. ஊரே குச்சியைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறது. நான் எங்கப்பாவைப் பார்த்தேன், அவர் தட்டைப் பார்த்தார். ஷியூ-ச்சின் முகத்துப் பவுடரில் கண்ணீர் கோடு போட்டிருந்தது. அப்பத்தான் நீங்க கடைசி மேசையிலேருந்து எழுந்து வந்தீங்க. இரவல் கோட்டு, கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழதான் வந்துச்சு. நேரா வந்து அந்த நாற்காலியில உட்கார்ந்தீங்க. "மாமா வரலேன்னா என்ன, இன்னைக்கு நான்தான் மாமா" அப்படின்னீங்க. ஒரு பெரியவர், இது முறையில்லையே தம்பின்னார். "முறை எங்கேயும் போயிடாது பெரியவரே, மீன் ஆறிடும்" அப்படின்னு சொல்லி, கன்னத்துக் கறியை எடுத்து எங்கப்பா கிண்ணத்துல வச்சீங்க. எங்கப்பா கண் கலங்கினதை அன்னைக்குத்தான் பார்த்தேன். அதுக்கப்புறம் எத்தனையோ விருந்து, எத்தனையோ மீன், அந்த ருசி வரலை மச்சான். அன்னைக்கு நீங்க உட்காரலேன்னா எனக்குப் பொண்டாட்டி இல்லை, போ-யென் இல்லை, இந்தக் கல்யாணமும் இல்லை. யோசிச்சுப் பார்த்தா இத்தனைக்கும் காரணம் நீங்கதான்.

இன்னொன்று. போ-யென் தென்கடற்கரைக்குப் போய்த் திரும்பும்போது உங்கள் குளத்துப் பக்கம் வண்டியை நிறுத்தியிருக்கிறான். இறங்கப் பயம். வேலியில் நீங்கள் கட்டியிருந்த வாக்கெடுப்புத் துணி அங்கே இல்லையாம், தீவன மூட்டைக்குப் பக்கத்தில் இருந்ததாம். "மாமா அதைக் கழட்டிட்டார்ப்பா" என்றான். "காத்து கழட்டியிருக்கும்டா" என்றேன். "காத்து நாலா மடிச்சு வைக்குமாப்பா?" என்று கேட்டான். நீச்சல் கத்துக் கொடுத்த மாமா வரணும்ங்கிறான், வேற யாரையும் அவன் கேட்கலை.

வருவதும் வராததும் தங்கள் சித்தம். நான் வற்புறுத்தவில்லை. சுவாங் இருக்கிறார், கொடுவா இருக்கிறது, விருந்து எப்படியும் நடக்கும். அக்காவுக்கு என் வணக்கம். குளத்தில் நீர் குறையாமலும், தங்கள் கோபம் கூடாமலும் அம்மன் காக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை புருஷன்,
கோ சுங்-மிங்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் ஷியூ-ச்சின் வாங்கிப் படித்துவிட்டாள். எங்கண்ணனுக்கே புளுகி அனுப்புறீங்களா என்று பக்கத்தில் நிற்கிறாள், உண்மையை எழுதாமல் தபாலுக்கு விட மாட்டாளாம். சுவாங் என்று யாரும் இல்லை மச்சான். யூ-தாங்கின் அம்மாவுக்குக் கூடப் பிறந்ததெல்லாம் அக்காமார்கள். கோட்டு என் பேனா தைத்தது, கொடுவா என் பேனா பிடித்தது. வற்புறுத்தவில்லை என்றதும் பொய். முழங்கால்கூட நல்லாத்தான் இருக்கு. ஆ-துங் மீனுக்கு எங்கே சொல்லட்டும் என்று கேட்டார், ஃபாங்லியாவிலிருந்து மாமன் கொண்டுவருவார் என்று சொல்லிவிட்டேன். நாற்காலி காலியாத்தான் இருக்கு. தெரு நிறைய ஜனம் குச்சியைத் தொடாம உட்கார்ந்திருக்கும், சீக்கிரம் வாங்க.