எட்டாவது கையெழுத்து

1994 ஏப்ரல் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி. சிங்காநல்லூரில் பம்ப்செட் பட்டறை நடத்தும் குமாரசாமியின் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: குமாரசாமி, அவர் மனைவி சாந்தாமணி, மூத்த மகள் நந்திதா; நந்திதாவைப் பெண் பார்க்கப் பல்லடத்திலிருந்து வந்த மனோஜ்குமார், அவன் அப்பா செங்கோடன், அம்மா பழனியாத்தாள். கூடத்தில் வேறு யாரும் இல்லை.

சாத்திய உள்ளறையில், ஒரு தட்டு முறுக்குடன், பதினோரு வயது இளைய மகள் நித்யஸ்ரீ இருந்தாள். அப்படி ஒரு மகள் இருப்பது பல்லடத்துக்காரர்களுக்குத் தெரியாது. நிச்சயம் முடியும்வரை தெரியவும் கூடாது என்பது குமாரசாமியின் உத்தரவு.

அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் விமலாராணி வந்து நின்றார், கக்கத்தில் ஃபைலுடன்.

மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் சிறப்பு வகுப்புக்கு அவர் டீச்சர். வருஷக் கடைசி என்பதால் ஒரு வாரமாகக் கார்பன் பேப்பரும் கையுமாகத்தான் திரிந்தார். பிள்ளைக்கு ஒரு மதிப்பீட்டுப் பாரம்; ஆறு பக்கம், மூன்று நகல். தானாகச் சாப்பிடுவாளா, சட்டைப் பொத்தான் போடுவாளா, வீட்டில் உள்ளவர்களை எண்ணிச் சொல்வாளா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். கடைசிப் பக்கத்தில் பெற்றோர் கையெழுத்து. எட்டுப் பிள்ளைகளின் பாரமும் மாலை ஐந்து மணிக்குள் மாவட்ட ஆபீசில் சேர வேண்டும். ஒன்று குறைந்தாலும் அடுத்த வருஷம் வகுப்பே கிடையாது. ஏழு கையெழுத்து வாங்கியாகிவிட்டது. எட்டாவது, நித்யஸ்ரீயினுடையது.

குமாரசாமி வாசலுக்குப் பாய்ந்து வந்தார்.

"ஏனுங்க டீச்சர், இன்னைக்குப் போயி வந்து நிக்கறீங்க! நாளைக்கு வாங்க."

"இன்னைக்கு அஞ்சு மணிதானுங்க கடைசி. ஒரே ஒரு கையெழுத்துங்க!"

"யாருங்க அது வாசல்ல?" என்று செங்கோடன் உள்ளிருந்து குரல் கொடுத்தார்.

"ரேஷன் கார்டுக்குக் கணக்கெடுக்க வந்த அம்மணிங்க!" என்றார் குமாரசாமி, மூச்சு விடாமல்.

"கவர்மெண்ட்டு ஆளை வெளிய நிறுத்தலாமுங்களா? உள்ள கூப்பிடுங்க. நாங்க இருந்தா என்னவாம்?"

விமலாராணி தன் வாழ்நாளில் பொய் சொன்னதில்லை. ஆனால் மணி மூன்றே முக்கால். உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கணவனைக் காப்பாற்ற சாந்தாமணி முந்திக்கொண்டாள். "கணக்கெல்லாம் முடிஞ்சுதுங்க. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

குமாரசாமி மகிழ்ந்துபோய்ப் பேனாவை எடுத்தார். பழனியாத்தாள் கையை நீட்டினாள்.

"என்னுங்க இது, படிக்காமயே கையெழுத்துப் போடறீங்க? இப்படித்தான் எங்க பெரியப்பா ரெண்டு ஏக்கரா தோட்டத்தை விட்டாரு. இங்க குடுங்க, நான் படிக்கறேன்."

பாரத்தின் உச்சியில் 'சிறப்புப் பள்ளி' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. விமலாராணி ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"இல்லீங்க... ஒரு கேள்வி விட்டுப்போச்சுங்க. அதைக் கேட்டு எழுதிட்டுத்தான் கையெழுத்து."

"அப்பக் கேளுங்க" என்று செங்கோடன் சாய்ந்து உட்கார்ந்தார். மனோஜ்குமார்கூட நந்திதாவைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் திரும்பினான்.

ரேஷன் கார்டுக்கு வந்தவர் வேறென்ன கேட்க முடியும்? வகுப்பில் கேட்கிற அதே கணீர்க் குரலில் கேட்டார்.

"ஊட்ல மொத்தம் எத்தனை பேர்?"

குமாரசாமி உள்ளறைக் கதவை ஓரக்கண்ணால் பார்த்தார். "மூ... மூணு பேருங்க."

"அடுத்த மாசம் ரெண்டாயிருமுங்க. இப்பவே அடிச்சு எழுதிக்குங்க அம்மணி!" என்று செங்கோடன் தொடையில் தட்டிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு முடியவில்லை. உள்ளறைக் கதவு அதிர ஒரு குரல் வந்தது.

"அப்பா! அம்மா! அக்கா! நானு! நாலு பேரு டீச்சர்!"

நந்திதா காபித் தட்டைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

விமலாராணிக்கு மட்டும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார்.

"கேட்டீங்களாங்க! ரெண்டு வருஷமுங்க! எப்ப எண்ணுனாலும் தன்னை விட்டுட்டுத்தான் எண்ணுவா. இன்னைக்குத் தன்னையும் சேத்திட்டா!" நின்றபடியே பாரத்தைப் பிரித்து, 'உதவியின்றி' என்ற கட்டத்தில் பெரிய டிக் போட்டார்.

செங்கோடன் மனைவியைப் பார்த்தார். அவள் மகனைப் பார்த்தாள். மூவரும் எழுந்து, வெளியே நின்ற அம்பாசிடர் காரை நோக்கி நடந்தார்கள்.

"போச்சு! சம்பந்தம் போச்சுங்க!" என்று சாந்தாமணி தலையில் கை வைத்தாள்.

குமாரசாமி அவளைக் கவனிக்கவில்லை. "நெசமாலுமே அவளா எண்ணுனாளுங்களா டீச்சர்? ஒருத்தரும் சொல்லிக் குடுக்காம?"

"நீங்க மூணுன்னு தப்பாச் சொல்லிக் குடுத்தும் சரியாச் சொன்னாளேங்க!"

அவர் எழுந்து போய் உள்ளறைக் கதவைத் தாமே திறந்தார். முறுக்குத் தூள் ஒட்டிய வாயோடு நின்ற மகளைக் கையைப் பிடித்துக் கூடத்தின் நடுவில் கொண்டுவந்து உட்காரவைத்தார். "போறவங்க போகட்டும். பேனாவைக் குடுங்க" என்று முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூன்று நகலிலும்.

டீச்சரால் கலியாணம் நின்றது, பல்லடத்துக்காரர்கள் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள் என்று சிங்காநல்லூரிலிருந்து உக்கடம்வரை ஒரு பேச்சு உண்டு. அது பொய். கலியாணம் வைகாசியில் நடந்தது. பாரங்களும் நாலே முக்காலுக்கே ஆபீசில் சேர்ந்தன. டீச்சரைக் கொண்டுபோய் விட்டதே அந்த அம்பாசிடர்தான். அன்று அவர்கள் காருக்குப் போனது கிளம்புவதற்காக அல்ல. அவர்களுக்கு முன்னால் ஓடி வந்த டிரைவர் மாசாணம், துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நிலைப்படியில் நின்று கேட்டான்:

"டீச்சரம்மா, அந்தப் பாரம் இன்னொண்ணு இருக்குதுங்களா? மாப்பிள்ளையோட தம்பிய ஒரு மணி நேரமா கார்லயே ஒளிச்சு வெச்சிருக்கறமுங்க!"