வெச்சேன், வந்தேன்

பயந்தவர்கள் எதிலும் கவனமாக இருப்பார்கள் என்று பலர் நம்புகிறார்கள். என்னைப் பார்த்தால் அந்த நம்பிக்கை போய்விடும். நான் பயப்படுவதிலேயே மும்முரமாக இருப்பதால், யார் என்ன சொல்கிறார்கள் என்பதைக் காதில் வாங்க நேரமே கிடைப்பதில்லை.

பத்தாவதோடு பள்ளியை விட்டவள் நான். கல்யாணமாகி, மகள் பள்ளிக்குப் போன பிறகு, பிளஸ் டூவைத் தனியாக எழுதிப் பாஸ் செய்தேன். செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. ஹோம் சயின்ஸ் கிடைத்தது.

“வூட்டு சயின்ஸ வூட்லயே படிக்கலாமே” என்றார் மச்சான். (எங்களில் கணவரை அப்படித்தான் கூப்பிடுவோம். சதுரங்கப்பட்டினத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறார்.)

“ஒரு அரியர் வந்தாலும் நின்னுடுறேன் மச்சான்” என்று நானாகவே வாக்குக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை. பயந்தவர்கள் இப்படித்தான், கேட்காததையெல்லாம் கொடுத்துவிடுவார்கள்.

முதல் செமஸ்டர் பிராக்டிகல் தேர்வு வந்தது. கொடுத்த கரைசலில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பயத்தில் பாதியைக் கொட்டினாலும் மீதியில் விடை வந்துவிட்டது. அப்போது லேப் அட்டெண்டர் அண்ணன் வாசலில் நின்று, “முடிச்சவங்கல்லாம் ரெக்கார்டு, வைவா” என்றார்.

ரெக்கார்டை மேசைமேல் வைத்தேன். வந்துவிட்டேன்.

எங்கே வரச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. எனக்கு ‘வா’ என்றால் வீடுதான். பஸ் ஏறி, வேர்க்கடலை வாங்கி, வாழ்க்கையில் முதல்முறையாக நிம்மதியாகத் தின்றேன்.

திருக்கழுக்குன்றம் வந்தபோது, கூடப் படிக்கும் திவ்யா போன் செய்தாள்.

“அக்கா, எங்க கீறீங்க? வைவாக்கு உங்க பேர கூப்ட்டுகினே கீறாங்க.”

“வெச்சுட்டுத்தானேம்மா வந்தேன்.”

“இன்னாத்த வெச்சீங்க?”

“ரெக்கார்டு.”

“அக்கா, வைவான்னா வாயால கேள்வி கேக்கறது. வெளிய இருந்து வந்த மேடம் கேக்கறாங்க. நீங்க வரலன்னா ஆப்சென்ட்டு. அரியர்தான்.”

கடலையோடு இறங்கிவிட்டேன். பதற்றத்தில் மச்சானுக்குப் போன் செய்தேன்.

“மச்சான், நான் வெச்சுட்டு வந்துட்டேன்.”

“இன்னாத்த வெச்ச நூரு? அடுப்புலயா?”

“அய்யோ, வெச்சிருக்கவே கூடாது மச்சான்.”

“இரு, நான் ஓட்றேன்” என்று வைத்துவிட்டார். (ஷட்டரை இறக்கிவிட்டு, பக்கத்துக் கடைக்காரரையும் இழுத்துக்கொண்டு, வீட்டுக்கு ஓடிச் சிலிண்டரை மூடினாராம். அடுப்பில் ஒன்றுமே இல்லாததைப் பார்த்து இன்னும் பயந்தாராம்.)

எதிர்ப்பக்கம் வந்த ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு நான் லேபுக்குள் நுழைந்தபோது, அந்த மேடம் கைப்பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தார்.

“எங்கே போயிருந்தீங்க?”

“வீட்டுக்கு மேடம்.”

“எதுக்கு?”

“வை, வான்னாங்க மேடம். வெச்சேன், வந்தேன்.”

அட்டெண்டர் அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் மட்டும் குலுங்கியது. மேடம் ஜிப்பைத் திறப்பதா மூடுவதா என்று தெரியாமல் என்னையே பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

“பெனடிக்ட் கரைசலோட சர்க்கரை சேர்ந்தா, சூடு பண்ணதும் என்ன நிறம் வரும்?”

செங்கல் சிவப்பு. எனக்குத் தெரியும். ராத்திரி தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

“செங்கல்பட்டு, மேடம்.”

“என்னது?”

“செங்கல்பட்டு நிறம்.”

மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “‘பட்டு’வ எடுத்துடும்மா. மீதி சரி.” மார்க் போட்டுவிட்டார். அரியர் இல்லை.

புதிதாகக் கல்லூரியில் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு சொல் புரியவில்லையா, பக்கத்தில் இருப்பவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கேட்காமல் பஸ் மட்டும் ஏறிவிடாதீர்கள்.

இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சாப்பிட்ட தட்டை எங்கே வைப்பது என்று நான் கேட்டால்கூட, என் மகள் “வைவா” என்கிறாள். மச்சானோ, பிராக்டிகல் நாளில் மட்டும், சிலிண்டரை மூடிவிட்டுத்தான் கடை திறக்கப் போகிறார்.