ஓலை வாசிப்பில் எழுந்த கோட்டி

எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து நிற்பவன் ஒன்று தலைவனாக வேண்டும், இல்லை கோட்டியாக வேண்டும். எனக்கு இரண்டாவதுதான் வாய்த்தது. எங்கள் பக்கத்தில் கோட்டி என்றால் பைத்தியம். ஊரோடு ஒத்துப்போகாதவனுக்கும் அதே பட்டம்தான். (கோடுதல் என்றால் வளைதல், அதிலிருந்து வந்திருக்கும் என்று அகராதியைப் புரட்டி நானே முடிவு கட்டிக்கொண்டேன். பொழுதுபோகாதவன் செய்கிற வேலை.)

அக்கா கல்யாணத்துக்கு எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் சபையில் மூன்றாம் ஞாயிறாகக் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் சொல்லி, "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருந்தால் தெரிவிக்கலாம்" என்று போதகர் கேட்பார். யாரும் வாய் திறப்பதில்லை. அப்புறம் எதற்குக் கேட்கிறார்கள்? இருபத்திரண்டு வயசில் அந்தச் சந்தேகத்தை அடக்க முடியவில்லை. எழுந்துவிட்டேன்.

"ஐயா, தடைன்னா எதெல்லாம் தடை?"

ராஜபாளையத்திலிருந்து வந்து முன்வரிசையில் இருந்த மாப்பிள்ளையின் அப்பா திரும்பிப் பார்த்தார். எங்கள் அப்பா என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார்.

ஆராதனை முடிந்ததும் வாசலிலேயே மறித்துக்கொண்டார் சம்பந்தி.

"பொண்ணு விஷயத்துல எதையோ மறைக்கீக. இல்லேன்னா கூடப்பொறந்தவனே எந்திரிப்பானா?"

என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து அம்மா, "அவன் பொறந்ததுலருந்தே கோட்டி, பெருசா எடுத்துக்காதீக" என்றாள்.

"கோட்டியா? குடும்பத்துலயே உண்டோ?"

போச்சு. நான் அவசரமாக அகராதியைத் திறந்தேன். "அது வியாதி இல்ல மாமா, வளைவு..."

"ஏலே, செத்த நேரம் வாய மூடு" என்றார் அப்பா. அக்கா அழத் தொடங்கினாள். ஆசைப்பட்ட கல்யாணம் அவளுக்கு. என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் அம்மா தன் கணவர் பக்கம் திரும்பினார். "நம்ம கல்யாணத்தன்னைக்கு, மாப்பிள்ளையா இருந்துக்கிட்டு நீங்களே பந்தியில எச்சி எலை எடுத்தீகளே. எங்க சேத்தூர்ல உங்களை என்னன்னு சொன்னாவ?"

"ஆளு பத்தல, எடுத்தேன்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

அவர் தொண்டையைச் செருமினார். "கோட்டின்னாவ."

"உங்களைக் கட்டி நான் என்ன கெட்டா போயிட்டேன்?"

சம்பந்தி நேராக அக்காவிடம் போய், "அழாத தாயி" என்றார். கல்யாணம் நடந்தது. பந்தியில் அவரும் நானும்தான் இலை எடுத்தோம்.

இன்றும் குடும்பத்தில் யாருக்கு ஓலை வாசித்தாலும் எங்கள் இருவரையும் சேர்த்து உட்காரவைத்து, இரண்டு பக்கமும் காவலுக்கு ஆள் போடுகிறார்கள். போன மாதம் அக்கா மகளுக்கு வாசித்தார்கள். போதகர் தடை கேட்டதும் சபை மொத்தமும் எங்களைத் திரும்பிப் பார்த்தது. மாமா என் காதோரம் குனிந்தார்.

"எந்திரிப்பமா மாப்ளே?"